நான் நீக்கிய குரல்

உங்கம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறீர்கள். அது தப்பில்லை, ஆனால் முழுசும் இல்லை. அவள் செய்த ஒரு வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சரியாகச் சொன்னால், அந்த வேலை வந்ததே என்னால்தான். அதை மறைக்காமல் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எங்காவது எழுத்துப் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அருப்புக்கோட்டையில் நம் கடை ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. வாசல் பக்கம் என் விதைக்கடை. மக்காச்சோளம், பருத்தி, மல்லி, குதிரைவாலி என்று மூட்டையும் பாக்கெட்டுமாக இருக்கும். உள்பக்கம் உங்கம்மாவின் மேஜை. அதில் எந்நேரமும் யாருடைய கம்ப்யூட்டராவது வயிறு திறந்து கிடக்கும். காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் போய்ப் படித்து வாங்கிய படிப்பு அவளுடையது.

கம்ப்யூட்டரில் நமக்குக் கண்ணுக்குத் தெரிவது நாலைந்து படங்கள்தான். உள்ளே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கம்மா அவற்றைப் பேக்கேஜ் என்பாள். அவள் போட்டுக்கொடுக்கிற சிஸ்டத்தில் ஒவ்வொரு பேக்கேஜையும் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். பழுது வந்தால் சரிசெய்கிறார். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். ஒருநாள் அவருக்கு முடியாமல் போய், அந்த இடத்துக்கு வேறு யாரும் வராவிட்டால், அந்தப் பேக்கேஜுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கும்போது, புதிய பட்டியலில் அது இருக்காது. பழையது மட்டும் உள்ளே தங்கியிருக்கும். அப்போது கம்ப்யூட்டர் கேட்கும்: இவற்றுக்கு இனிமேல் ஆதரவு கிடையாது, நீக்கிவிடலாமா?

நிறையப் பேர் ஆமாம் என்று அமுக்கிவிடுவார்களாம். உங்கம்மா அமுக்க மாட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருவாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுவாள். தெரியாவிட்டால் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரருக்கே போன் போடுவாள். ஒருமுறை நூல் வியாபாரி ஒருவரிடம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, நீங்க பில்லு எடுக்குற பிரிண்டரு அந்தப் பழசுதானே?"

"ஆமாம்மா. புதுசு வாங்கித் தரப்போறியா?"

"இல்ல, அந்தப் பழசுக்குன்னு உள்ள ஒண்ணு இருக்கு. அதை எடுத்துட்டா நாளைக்கு உங்களுக்குப் பில்லு வராது. அதான் கேட்டேன்."

"அப்ப ஏம்மா எடுக்கப்போற?"

"எடுக்கலைன்னு சொல்லத்தான் போன் போட்டேன்."

எனக்கு இதெல்லாம் வேலை மெனக்கெட்ட வேலையாகத்தான் தெரிந்தது. வாத்தியார் விஷயம் நடக்கிறவரை.

வாத்தியார் திருச்சுழிக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் வியாபாரம். ஒரு தம்பி ஜவுளிக்கடை, இன்னொருவருக்குத் துபாயில் கடை. இவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு வரலாற்றில் முதுகலை முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பத்து வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய லேப்டாப்பில் ஒரு தமிழ்க் குரலைப் போட்டுக்கொடுத்தது உங்கம்மா. திரையில் இருக்கிற தமிழை அது வாசித்துக் காட்டும். இனிமையான குரலெல்லாம் இல்லை. சளி பிடித்த மிஷின் பேசுவது போல இருக்கும். ஆனால் வாத்தியார் அதை அசுர வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். நாம் கண்ணால் வாசிக்கிற வேகத்தைவிட அது அதிகம்.

நான் ஒருமுறை அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். மக்காச்சோளத்தைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"இதுல என்ன சார் வெளங்குது?" என்றேன்.

"பாண்டியரு போயி நாயக்கரு வந்துட்டாக மாப்ள. நீங்க இன்னும் ஹெட்போனையே சரிபண்ணிக்கிட்டு இருக்கீக."

உங்கம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் நான் அவருக்கு மாப்பிள்ளை. கேலி பண்ண அந்த உறவு அவருக்கு வசதியாக இருந்தது.

அந்த வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வு வந்தது. அவர் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இதில் தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் அந்தத் தனியார் பள்ளியோடு சரி. பாடங்களை ஓர் இணையதளத்தில் படித்துவந்தார். பரீட்சைக்குப் பதிமூன்று நாள் இருக்கும்போது, அந்தத் தளம் அவருடைய பழைய சிஸ்டத்தில் திறக்கமாட்டேன் என்றுவிட்டது. கடைசி மாதப் பாடம் முழுவதும் அதற்குள் இருந்தது. சிஸ்டத்தைப் புதுசாக்கினால்தான் திறக்கும். லேப்டாப்பைக் கொண்டுவந்து உங்கம்மா மேஜையில் வைத்துவிட்டு, "சனிக்கிழமை வாரேன் தங்கச்சி" என்று பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வேலையைத் தொடங்கினாள். முதலில் உள்ளே இருந்த அத்தனையையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்தாள். பிறகு புதிய சிஸ்டத்தை இறக்கிப் போட ஆரம்பித்தாள். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து போன். சின்னவளே, உனக்குத்தான் காய்ச்சல். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ஏங்க, அது தானா ஓடும். ஏதாவது கேள்வி கேட்டா அப்படியே விட்டுருங்க. எம்புட்டு நேரமானாலும் அது காத்துக்கிட்டுக் கிடக்கும்."

ஐப்பசி மாதம், மழை விழுந்திருந்த நேரம். கடையில் விதை வாங்க ஆள் நின்றது. அன்று காலையில்தான் நான் அலமாரியைச் சுத்தம் செய்து, தேதி முடிந்த கம்புப் பாக்கெட்டுகளைத் தனியே கட்டி, விற்பனைக்கு இல்லை என்று அட்டை எழுதி மாட்டியிருந்தேன். விதைக்கடைக்காரனுக்கு அது பழக்கம். தேதி முடிந்த ஒரு பாக்கெட்டு அலமாரியில் இருந்தாலும் அவனுக்கு உடம்பு கூசும். அதை நம்பி ஒருவன் நிலத்தில் போட்டு, முளைக்காமல் போனால் அந்த வருஷமே அவனுக்குப் போச்சு.

கூட்டம் ஓய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் கேள்வி நின்றது. இங்கிலீஷ்தான். எழுத்துக்கூட்டி வாசித்தேன். முப்பத்தி நாலு உருப்படிகள். இனி ஆதரவு இல்லை. நீக்கலாமா? எனக்கு அது காலாவதியான சரக்காகத்தான் தெரிந்தது. டாக்டர் வீட்டில் பிள்ளையோடு நிற்கிறவளை இதற்குப் போய் எதற்குக் கூப்பிட வேண்டும் என்றும் தோன்றியது. ஆமாம் என்று அமுக்கினேன். வரிவரியாகப் போனது. ஓர் அலமாரியைத் துடைத்து முடித்த திருப்தி எனக்கு.

அவள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மூட்டை ஓரமாகப் படுக்கவைத்தாள். மருந்துப் பையை மேஜையில் வைத்தாள்.

"கேள்வி ஏதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. காலாவதியானதை எடுத்துரவான்னு கேட்டுச்சு. எடுத்துருன்னுட்டேன்."

"எத்தனை?"

"முப்பத்தி நாலு."

அவள் கத்தவில்லை. என்னென்ன நீக்கப்பட்டது என்று கம்ப்யூட்டரே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். முப்பத்தி மூன்றில் ஒன்றுமில்லை. ஒரு வரியில் விரல் நின்றது.

"வாத்தியாரண்ணன் கொரலு போச்சு."

"காலாவதியானதுதானே?" என்று முனகினேன். அப்போது அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"வெதைன்னா கெட்டுப்போகும். இது கெட்டுப்போகலைங்க. நேத்து பேசுன மாதிரியே இன்னைக்கும் பேசும். பாத்துக்கிட்டு இருந்தவரு வெலகிட்டாரு, அம்புட்டுதான்."

மறுநாள் வாத்தியார் வந்தார். புதிய சிஸ்டத்தோடு கூடவே வந்த வேறு ஒரு தமிழ்க் குரலை அவள் போட்டு வைத்திருந்தாள். பாடத் தளமும் திறந்தது. அவர் ஹெட்போனை மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாரு இவுக?" என்றார்.

நான்தான் சொன்னேன், முழுதாக. அமுக்கியது நான் என்பதையும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, கொரலுக்கும் பாக்கெட்டுல தேதி போட்டுருந்துச்சா?"

அவர் வேகத்தைக் கூட்டினார். மெதுவாகப் பேசும்போது புதிய குரல் அழகாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுப் பெண் பேசுவது போல. வேகம் கூடக் கூடச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிட்டன. பழைய குரல் அழகில்லாதது. ஆனால் எந்த வேகத்திலும் எழுத்து எழுத்தாக நிற்கும். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வேகத்துல கேட்டா நாலுல ஒரு பாடந்தான் முடியும் தங்கச்சி. பதினோரு நாள்தான் இருக்கு."

பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுவிடு என்றேன் நான். போட்டால் குரல் வரும், பாடம் திறக்காது. இப்போது பாடம் திறக்கிறது, குரல் இல்லை. நகலில் இருந்து பழைய குரலை எடுத்து இதில் போட்டுப் பார்த்தாள். அது வேலை செய்ய ஒரு பழைய துணைப் பேக்கேஜ் வேண்டும். அதைப் போட வேண்டுமானால் புதிதாக வந்த பதினைந்து இருபதை எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதில் இணையம் திறக்கிற மென்பொருளும் ஒன்று.

"கட்டாயப்படுத்திப் போட முடியாதா?" என்றேன்.

"போடலாம். இன்னைக்கு ஓடும். பரீச்சைக்கு ரெண்டு நாளு முன்னால நின்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

அவள் வாத்தியாரிடம் மூன்று நாள் கேட்டாள். அதுவரைக்கும் புதிய குரலில் முடிந்ததைப் படியுங்கள் என்று லேப்டாப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு, அதே சிஸ்டத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது போல வாத்தியார் பஸ்ஸுக்கு நடந்தார். நான் கூடவே போனேன். வழி நெடுக அவர் விதை விலை, மழை என்றே பேசிக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது மட்டும் என் கையைப் பிடித்து, "தங்கச்சிய அவசரப்படுத்தாதீக" என்றார். அவசரம் அவருக்குத்தான். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

ஒரு பேக்கேஜுக்கு மூலம் என்று ஒன்று உண்டு. அதை எழுதியவர் முதலில் எழுதிய வரிகள் அதில் அப்படியே இருக்கும். அந்த மூலத்தை எடுத்துப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடி கட்டலாம். அதைத்தான் அவள் செய்யப் பார்த்தாள். காலையில் உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததும் உட்காருவாள். கட்டும்போது ஓரிடத்தில் நின்றுவிடும். அவள் பார்த்துத் திருத்துவாள். அடுத்த இடத்தில் நிற்கும். இரண்டாம் நாள் ஓர் இடத்தில் நின்றது நின்றதுதான். பிறகு, அந்தக் குரலை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவரின் மெயில் முகவரியைத் தேடி எடுத்து எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னாள். இங்கே ஒரு வாத்தியார் உங்கள் குரலை நம்பிப் படிக்கிறார், பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கிறது, இந்த வரியில் நிற்கிறேன், வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்று.

"விட்டுட்டுப் போனவரு எதுக்குப் பதில் போடப்போறாரு?" என்றேன்.

"போடுவாரு. பத்து வருசம் சும்மா பாத்துக்கிட்டவரு."

மறுநாள் காலையில் பதில் இருந்தது. எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. தன் ஊரில் பனி விழுந்து கரண்டு போனதால் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். எந்த இரண்டு இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கொஞ்சம் சொந்தக் கதை. அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாதாம். கூட வேலை பார்த்த ஒரு தமிழருக்காகத் தொடங்கியிருக்கிறார். அந்தத் தமிழர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தக் குரல் பேசுவது சரியா தப்பா என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் தெரியவில்லை. அதனால்தான் நிறுத்திவிட்டாராம்.

உங்கம்மா இதைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் தூக்கிப் போட்டது கெட்டுப்போன சரக்கு அல்ல. பாஷை தெரியாத ஒரு மனுஷர், முகம் தெரியாத யாருக்கோ பத்து வருஷம் காப்பாற்றி வைத்திருந்த பொருள்.

அவர் சொன்ன இரண்டு இடத்தையும் மாற்றினாள். கட்டி முடிந்தது. உடனே வாத்தியாரை வரச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அரை நாள் முழுக்கத் தானே கேட்டாள். கம்ப்யூட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டாள். அடுத்து வரும் அப்டேட்டில் மறுபடி போய்விடாதபடி ஒரு பூட்டுப் போட்டாள். வாத்தியார் பல வருஷமாகத் தனக்கென்று திருத்தி வைத்திருந்த உச்சரிப்புகளை டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சேர்த்தாள். அதன் பிறகுதான் போன் போட்டாள்.

வாத்தியார் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் லேப்டாப்போடு வந்துவிட்டார். அதில் குரலை ஏற்றிக் கொடுத்தாள். ஹெட்போனை மாட்டினார். வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் மல்லி கேட்டு வந்தவரைக்கூட நான் கவனிக்கவில்லை. வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. உங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, சரியா இருக்கா?"

"இரு தங்கச்சி, ஒரு பாடம் முடியட்டும்."

அந்தப் பாடம் முடிகிறவரை இரண்டு பேரும் காத்திருந்தோம். அதன் பிறகு அவர் அந்த வெளியூர்க்காரரின் மெயிலைப் பற்றிக் கேட்டார். உங்கம்மா சொன்னாள். கேட்கிறவர் யாருமில்லை என்று நினைத்துத்தான் அவர் நிறுத்தினார் என்ற இடத்தில் வாத்தியார் கையை உயர்த்தினார்.

"நான் இத்தனை வருசமாக் கேட்டுருக்கேன். நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதிப் போடலியே."

அப்போதே எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, உங்கம்மா இங்கிலீஷில் அடித்தாள். நீளமான கடிதம். எந்தச் சொல்லைக் குரல் நன்றாகச் சொல்கிறது, எதில் தடுக்குகிறது என்று பத்துப் பதினைந்து இடம் சொன்னார். பரீட்சையை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தார்.

மீதி இருந்த எட்டு நாளில் அவர் விட்ட பாடம் அத்தனையையும் முடித்தார். பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கொடுத்தார்கள். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டதற்கு, எழுதுகிறவருடைய கை தன் வேகத்துக்கு ஓடவில்லை என்பது ஒன்றுதான் கஷ்டம் என்றார்.

இதற்கிடையில் உங்கம்மா இன்னொன்றும் செய்தாள். ஓய்வு கொடுக்கப்பட்ட பேக்கேஜை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது முன்வந்தால், அதைத் திரும்பப் பட்டியலில் சேர்ப்பார்களாம். விண்ணப்பம் போட்டாள். அவள் செய்த வேலையைப் பலர் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பொறுமையாகப் பதில் எழுதினாள். இப்போது அந்தத் தமிழ்க் குரலைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற இடத்தில் உங்கம்மாவின் பெயர் இருக்கிறது. நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு விதைக்கடையின் உள்பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்கிறாள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில மாசம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாத்தியார் கடைக்கு வந்தார். விதை வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து என் கல்லாமேல் வைத்தார்.

"தங்கச்சி, மெயில்ல ஒரு ஆர்டர் வந்துருக்கு. ஹெட்போன் வேண்டாம். வேகத்தைக் கொறச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி விடு."

உங்கம்மா வேகத்தைக் குறைத்தாள். அந்தக் குரல் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி, வரலாறு, முதுகலை ஆசிரியர் என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தது. அவர் பெயரை வாசிக்கும்போது கடையில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "யாருப்பா இது, நல்லா சளி பிடிச்சவுக மாதிரி பேசுறாக?" என்று கேட்டார்.

வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, சளிக்கு மருந்து வாங்க இன்னும் சம்பளம் வரல. கடைசி வரிலதான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். குரல் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது. உங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வாத்தியார் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வாசித்து முடிந்ததும் அவர், "இன்னொரு தடவை மொதல்ல இருந்து விடு தங்கச்சி" என்றார்.